லினக்ஸ் சர்வரில் ஸாபிக்ஸ்: முதன்முறை நிறுவுபவர்களுக்கு

நெட்வொர்க் விழுந்துவிட்டது என்ற செய்தி பெரும்பாலும் அதைப் பராமரிப்பவரின் காதுக்குத்தான் கடைசியாக வந்து சேரும். யாரோ தொலைபேசியில் கூப்பிட்ட பிறகு எந்த ஸ்விட்ச், எந்த இணைப்பு, எப்போதிலிருந்து என்று ஒவ்வொன்றாகப் பிங் அடித்துத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். கண்காணிப்பு மென்பொருள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் ஏற்கெனவே திரையில் இருக்கும். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு மென்பொருளான ஸாபிக்ஸை டெபியன் அல்லது உபுண்டு சர்வரில் நிறுவி, முதல் எச்சரிக்கை மின்னஞ்சல் வரும்வரை கொண்டுபோவது பற்றியது.

நிறுவுவதற்கான கட்டளைகள் ஸாபிக்ஸ் தளத்தின் பதிவிறக்கப் பக்கத்திலேயே இருக்கின்றன. எந்தப் பதிப்பு, எந்த லினக்ஸ், எந்தத் தரவுத்தளம், எந்த வெப் சர்வர் என்று தேர்ந்தெடுத்தால் அதற்கேற்ற கட்டளைகளை வரிசையாகக் கொடுத்துவிடும். அதை எடுத்து ஒட்டுவது பெரிய வேலையில்லை. நடுவில் ஒரு வரி பிழை காட்டினால்தான் சிக்கல். அந்த வரி என்ன செய்ய முயன்றது என்று தெரியாதவர் அங்கேயே நின்றுவிடுவார். அதனால் கட்டளைகளை அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எதற்கு, எங்கே சறுக்கும் என்பதை இங்கே சொல்கிறேன். கட்டளைப் பெயர்களையும் மெனுப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும்.

ஏன் ஸாபிக்ஸ்

லாட்வியாவைச் சேர்ந்த அலெக்ஸெய் விளாடிஷெவ் 1998இல் தொடங்கி 2001இல் திறமூலமாக வெளியிட்ட மென்பொருள் இது. தகவலைச் சேகரிப்பது, சேமித்து வைப்பது, வரைபடம் போடுவது, எச்சரிக்கை அனுப்புவது என்ற நான்கு வேலையும் ஒரே தொகுப்பில் முடிந்துவிடும். புதியவருக்கு இது பெரிய வசதி.

எல்லோருக்கும் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு சர்வரில் மாதத்துக்கு எவ்வளவு டேட்டா போகிறது என்று மட்டும் பார்க்க வேண்டுமென்றால் விஎன்ஸ்டாட் போதும். நிறுவ ஒரே ஒரு கட்டளைதான். வெறும் ரௌட்டரும் ஸ்விட்சும் மட்டுமே இருக்கும் இடத்துக்கு லிப்ரெஎன்எம்எஸ் நன்றாகப் பொருந்தும். கன்டெய்னர்கள் நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து மறையும் சூழலுக்கு ப்ரோமீதியஸ் இயல்பானது. நாகியோஸ் பழைய ஆள், இன்றும் உழைக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் கட்டமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். சில சர்வர்கள், சில ஸ்விட்சுகள், ஒரு ரௌட்டர், ஓரிரு வெளி இணைப்புகள் என்று கலந்து கிடக்கும் சாதாரண நெட்வொர்க்குக்கு என் தேர்வு ஸாபிக்ஸ்.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) என்று குறிப்பிட்டிருப்பதையே எடுங்கள். 2024 ஜூனில் வந்த 7.0 அப்படிப்பட்டது, அதற்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. இடையில் வரும் 7.2, 7.4 போன்றவற்றுக்கு ஆதரவுக் காலம் மிகக் குறைவு. புதுவசதி ஒன்று கட்டாயம் தேவைப்பட்டாலொழிய அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எந்த இயந்திரம், எங்கே

கண்காணிக்கப்படும் சர்வரிலேயே கண்காணிப்பு மென்பொருளை நிறுவாதீர்கள். அந்த இயந்திரம் படுத்தால் அதைச் சொல்ல ஆள் இருக்காது. தனி இயந்திரமோ தனி விர்ச்சுவல் மெஷினோ வேண்டும். சிறிய நெட்வொர்க்குக்கு இரண்டு சிபியு கோர், 4 ஜிபி ரேம் தாராளம்.

வட்டில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதைத்தான் பலர் குறைத்து எண்ணிவிடுகிறார்கள். கணக்கு கடினமில்லை. 3,000 அளவீடுகளை 60 விநாடிக்கு ஒருமுறை எடுத்தால் விநாடிக்கு 50 மதிப்புகள் தரவுத்தளத்துக்குள் போகும். ஒரு நாளைக்கு 43.2 லட்சம், 30 நாளுக்கு சுமார் 13 கோடி. ஒரு மதிப்புக்கு ஏறக்குறைய 90 பைட் என்று வைத்தால் 11.7 ஜிபி. 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்று மட்டுமே, போர்ட்டுக்கு எட்டு ஒன்பது அளவீடு வீதம், இருநூறைத் தொட்டுவிடும் என்பதால் 3,000 என்பது பெரிய எண்ணல்ல. தொடக்கத்துக்கு 50 ஜிபி ஒதுக்கினால் நிம்மதி.

நிறுவுமுன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்: சர்வருக்கு நிலையான ஐபி முகவரி இருக்கிறதா, நேரம் சரியாக ஒத்திசைகிறதா, இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா. இதில் நேரத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். க்ரோனி போன்ற ஒன்று ஓடிக்கொண்டிருக்கட்டும். சர்வரின் கடிகாரம் பத்து நிமிடம் தள்ளி ஓடினால், எது முதலில் விழுந்தது என்ற கேள்விக்கு வரைபடம் சொல்லும் பதிலை நம்ப முடியாது.

களஞ்சியம், பிறகு தொகுப்புகள்

பதிவிறக்கப் பக்கத்தின் முதல் சில வரிகள் ஒரு சிறிய டெப் கோப்பை இறக்கி நிறுவச் சொல்லும். அது ஸாபிக்ஸ் அல்ல; ஸாபிக்ஸ் தொகுப்புகள் இருக்கும் களஞ்சியத்தின் முகவரியையும் கையொப்பச் சாவியையும் உங்கள் இயந்திரத்தில் பதித்துவைக்கும் கோப்பு. அதன் பிறகு 'ஆப்ட் அப்டேட்' ஓட்டினால்தான் புதிய களஞ்சியத்தின் பட்டியல் வந்து சேரும். இந்த வரியைத் தவறவிட்டால், இயங்குதளத்தோடு வரும் பழைய ஸாபிக்ஸ் நிறுவப்பட்டுவிடலாம், அல்லது தொகுப்பே இல்லை என்று பிழை வரும். உங்கள் லினக்ஸ் பதிப்பு எது என்று ஐயம் இருந்தால் 'எல்எஸ்பி அண்டர்ஸ்கோர் ரிலீஸ்' கட்டளையை ஹைஃபன் ஏ தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். டெபியன் 12க்கான களஞ்சியத்தை டெபியன் 11இல் போட்டால் தொகுப்புகளின் சார்புகள் நிறைவேறாமல் முரண்டு பிடிக்கும்.

ரெட்ஹேட் குடும்ப லினக்ஸில் நிறுவுகிறவர்கள் எபெல் என்ற கூடுதல் தொகுப்புக் களஞ்சியத்தில் ஸாபிக்ஸ் தொகுப்புகளை விலக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு இடத்திலிருந்தும் வேறு வேறு பதிப்புகள் கலந்துவிடும். அந்த லினக்ஸில் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கும் குறுக்கே நிற்கும். அதை ஒட்டுமொத்தமாக அணைத்துவிடுவது சோம்பேறி வழி. ஸாபிக்ஸின் எஸ்ஈலினக்ஸ் கொள்கைத் தொகுப்பு தனியாகவே கிடைக்கிறது, அதை நிறுவினால் போதும்.

அடுத்து ஐந்து தொகுப்புகள் வரும். சர்வர் என்பது சேகரிக்கும், கணக்கிடும், எச்சரிக்கும் மைய நிரல். முகப்பு என்பது பிஎச்பியில் எழுதிய வெப் பக்கம். மூன்றாவது, அப்பாச்சி வெப் சர்வருக்கான சிறு கட்டமைப்பு. நான்காவது, தரவுத்தள அட்டவணைகளை உருவாக்கும் எஸ்க்யூஎல் கோப்பு. ஐந்தாவது, இந்த இயந்திரத்தையே கவனிக்கும் ஏஜென்ட். ஏஜென்ட், ஏஜென்ட் 2 என்று இரண்டு இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டாவதையே எடுக்கலாம்.

அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் தேர்ந்தெடுத்தால் ஒரு கூடுதல் வேலை உண்டு. அதன் கட்டமைப்புக் கோப்பில் போர்ட் எண்ணும் சர்வர் பெயரும் இருக்கும் இரண்டு வரிகள் கமெண்ட் ஆகிக் கிடக்கும். அவற்றைத் திறந்துவிட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அப்பாச்சியோடு போவது எளிது.

தரவுத்தளம்: பொறுமை வேண்டிய இடம்

ஐந்து தொகுப்புகளில் தரவுத்தள சர்வர் சேராது என்பதைக் கவனித்தீர்களா? பதிவிறக்கப் பக்கம் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாக எடுத்துக்கொண்டு மேலே போகும். எனவே மைஎஸ்க்யூஎல்லோடு ஒத்துப்போகும் தரவுத்தளமான மரியாடிபி சர்வரை நீங்களே 'ஆப்ட்' மூலம் நிறுவி, அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

பிறகு மைஎஸ்க்யூஎல் உள்ளே போய்ச் சில வரிகள். முதல் வரி ஸாபிக்ஸ் என்ற பெயரில் தரவுத்தளத்தை உருவாக்கும். அதில் எழுத்துக்குறித் தொகுதி யுடிஎஃப்8எம்பி4 என்றும், ஒப்பீட்டு முறை அதன் 'பின்' வகை என்றும் இருக்கும். இதை மாற்றாதீர்கள். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும் ஒப்பீடு ஸாபிக்ஸுக்குத் தேவை. அடுத்த வரிகள் ஒரு பயனரை உருவாக்கி அந்தத் தரவுத்தளத்தின் மீது மட்டும் உரிமை கொடுக்கும். பக்கத்தில் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கும் கடவுச்சொல்லை அப்படியே ஒட்டிவிடாமல் உங்களுடையதைப் போட்டு எங்காவது குறித்துவையுங்கள். இன்னும் மூன்று இடத்தில் அது தேவைப்படும்.

கடைசி வரி விசித்திரமாகத் தெரியும்: 'லாக் பின் ட்ரஸ்ட் ஃபங்ஷன் க்ரியேட்டர்ஸ்' என்ற அமைப்பை 1 ஆக்கு என்று சொல்லும். அட்டவணைகளோடு சேர்த்துத் தரவுத்தளத்துக்குள் ட்ரிகர்களும் (தரவு மாறும்போது தானே ஓடும் சிறு நிரல்கள்) உருவாக்கப்படுகின்றன. தரவுத்தள மாற்றங்களைப் பதிவுசெய்யும் பைனரி லாக் இயக்கத்தில் இருந்தால், முழு அதிகாரம் இல்லாத சாதாரணப் பயனர் அவற்றை உருவாக்க முடியாது. அந்தத் தடையைத் தற்காலிகமாக விலக்குவதுதான் இது. வேலை முடிந்ததும் மறுபடி 0 ஆக்கிவிட வேண்டும்.

இனி சுருக்கப்பட்ட எஸ்க்யூஎல் கோப்பை விரித்துத் தரவுத்தளத்துக்குள் செலுத்தும் வரி. கடவுச்சொல் கேட்கும், கொடுத்தவுடன் கர்சர் அப்படியே நிற்கும். எதுவும் அச்சாகாது. மெதுவான வட்டு என்றால் சில நிமிடம்கூட ஆகலாம். தொங்கிவிட்டது என்று நினைத்துக் கன்ட்ரோல் சி அடித்துவிடாதீர்கள். அடித்துவிட்டால் பாதி அட்டவணைகளோடு தரவுத்தளம் நிற்கும். மறுபடி செலுத்தினால் அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை வரும். அப்போது தரவுத்தளத்தையே அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கிச் செலுத்துவதுதான் சுத்தமான வழி.

சர்வரை எழுப்புதல்

ஈடிசி டைரக்டரிக்குள் ஸாபிக்ஸ் என்ற டைரக்டரியில் சர்வரின் கட்டமைப்புக் கோப்பு இருக்கிறது. நூற்றுக்கணக்கான வரிகள், பயப்பட வேண்டாம், இப்போதைக்கு மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. 'டிபிபாஸ்வேர்ட்' என்ற வரியைத் தேடி, முன்னால் இருக்கும் ஹாஷ் குறியை நீக்கி, தரவுத்தளக் கடவுச்சொல்லை எழுதுங்கள். ஹாஷை நீக்க மறந்தால் அந்த வரி வெறும் குறிப்பாகவே கிடக்கும்.

'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்' மூலம் ஸாபிக்ஸ் சர்வர், ஏஜென்ட், அப்பாச்சி மூன்றையும் எழுப்புங்கள். அடுத்து 'எனேபிள்' போடுங்கள். ரீஸ்டார்ட் இப்போது ஓட்டுவதற்கு, எனேபிள் அடுத்த முறை இயந்திரம் பூட் ஆகும்போது தானாக ஓடுவதற்கு. இரண்டாவதை விட்டுவிட்டால், என்றோ ஒரு நாள் மின்சாரம் போய் வந்த பிறகு கண்காணிப்பு சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும்.

'ஸ்டேட்டஸ்' பச்சையாகக் காட்டினாலும் அதோடு திருப்தியடைய வேண்டாம். தரவுத்தளத்தோடு பேச முடியாத ஸாபிக்ஸ் சர்வர்கூட ஓடிக்கொண்டுதான் இருக்கும், சில விநாடிக்கு ஒருமுறை முயன்றபடி. வார் டைரக்டரியின் லாக் பகுதியில் ஸாபிக்ஸ் சர்வரின் லாக் கோப்பு இருக்கிறது. அதன் கடைசி இருபது வரிகளை 'டெயில்' கொண்டு படியுங்கள். அணுக்கம் மறுக்கப்பட்டது என்று இருந்தால் கடவுச்சொல் பொருந்தவில்லை. இணைக்க முடியவில்லை என்று மட்டும் இருந்தால் மரியாடிபி ஓடவில்லை. இந்த லாக்கைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சந்தேகங்களை யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

வெப் முகப்பு

உலாவியில் சர்வரின் ஐபி முகவரியை எழுதி, சாய்கோட்டுக்குப் பின் ஸாபிக்ஸ் என்று சேர்த்தால் அமைப்பு வழிகாட்டி திறக்கும். பிஎச்பி தேவைகள் எல்லாம் சரி என்று காட்ட வேண்டும். சிவப்பாக ஏதாவது இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லை இங்கே மறுபடி கொடுக்க வேண்டும். நேர மண்டலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே நுழைய இயல்புப் பயனர் பெயர் 'அட்மின்', முதல் எழுத்து பெரிய எழுத்து. கடவுச்சொல் 'ஸாபிக்ஸ்', எல்லாம் சிறிய எழுத்து. இந்த இணை உலகத்துக்கே தெரிந்தது என்பதால் நுழைந்தவுடன் செய்யும் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவதாக இருக்கட்டும். இந்தப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்துவிடவும் கூடாது. உள் நெட்வொர்க்கிலோ விபிஎன் வழியாகவோ மட்டும் கிடைத்தால் போதும். உங்கள் நெட்வொர்க்கின் முழு வரைபடமும் அதில் இருக்கிறது.

அடியில் 'ஸாபிக்ஸ் சர்வர் ஓடவில்லை' என்ற மஞ்சள் பட்டை தெரிந்தால், முகப்பால் சர்வரின் 10051 போர்ட்டைத் தொட முடியவில்லை என்று பொருள். மறுபடி அந்த லாக் கோப்புக்கே போங்கள்.

முதலில் இன்னொரு லினக்ஸ் இயந்திரம்

ஸாபிக்ஸ் சர்வர் தன்னைத்தானே ஒரு ஹோஸ்ட்டாக (கண்காணிக்கப்படும் சாதனமாக) ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும். அடுத்ததாக நெட்வொர்க்கில் இருக்கும் வேறொரு லினக்ஸ் இயந்திரத்தில் அதே களஞ்சியத்தைச் சேர்த்து ஏஜென்ட் 2 மட்டும் நிறுவுங்கள். அதன் கட்டமைப்புக் கோப்பில் மூன்று வரிகள் முக்கியம். 'சர்வர்' என்பதில் ஸாபிக்ஸ் சர்வரின் ஐபி. 'சர்வர் ஆக்டிவ்' என்பதிலும் அதே. 'ஹோஸ்ட்நேம்' என்பதில் இந்த இயந்திரத்தின் பெயர். நிறுவியதும் இந்த மூன்றாவது வரியில் 'ஸாபிக்ஸ் சர்வர்' என்றே எழுதியிருக்கும். அதை மாற்றாமல் பத்து இயந்திரத்தில் நிறுவினால் பத்தும் ஒரே பெயர் சொல்லிக்கொண்டு வரும்.

ஏஜென்ட் இரண்டு விதமாகப் பேசும். சர்வர் வந்து கேட்டால் பதில் சொல்வது ஒன்று, அதற்கு ஏஜென்ட் இயந்திரத்தில் டிசிபி 10050 திறந்திருக்க வேண்டும். ஏஜென்ட்டே சர்வரின் 10051க்குத் தேடிப்போய்க் கொடுப்பது இன்னொன்று. தொடக்கத்துக்கு முதல் முறை போதும். இரண்டாவதைப் பயன்படுத்தும்போது ஹோஸ்ட்நேமும் வெப் முகப்பில் கொடுக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

முகப்பில் சேர்க்குமுன் ஸாபிக்ஸ் சர்வரிலிருந்து ஒரு சோதனை. 'ஸாபிக்ஸ் கெட்' என்ற சிறு கருவி தனித் தொகுப்பாகக் கிடைக்கிறது. ஹைஃபன் எஸ் தெரிவுக்கு ஏஜென்ட்டின் ஐபியும் ஹைஃபன் கே தெரிவுக்கு 'ஏஜென்ட் புள்ளி பிங்' என்பதும் கொடுத்தால் 1 என்று பதில் வர வேண்டும். வந்தால் பாதை சரி. வராவிட்டால் ஃபயர்வாலையோ அந்த மூன்று வரிகளையோ பாருங்கள். இதைச் செய்யாமல் முகப்பில் சேர்த்துவிட்டுச் சிவப்பு அடையாளத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பதில் பலனில்லை.

பிறகு 'டேட்டா கலெக்‌ஷன்' மெனுவில் 'ஹோஸ்ட்ஸ்' போய்ப் புதிய ஹோஸ்ட் உருவாக்கி, 'லினக்ஸ் பை ஸாபிக்ஸ் ஏஜென்ட்' டெம்ப்ளேட்டை (எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த தொகுப்பு) இணைத்தால் சிபியு, நினைவகம், வட்டு, நெட்வொர்க் எல்லாம் தானாக வரும்.

ரௌட்டரும் ஸ்விட்சும்: எஸ்என்எம்பி

நெட்வொர்க் கண்காணிப்பின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஸ்விட்சுக்குள் ஏஜென்ட்டை நிறுவ முடியாது. அது ஏற்கெனவே பேசத் தெரிந்த மொழி எஸ்என்எம்பி. யுடிபி 161 போர்ட்டில் கேள்வி போகும், பதில் வரும். மூன்று பதிப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. பதிப்பு 1, 1988இல் வந்தது. அதைத் தொட வேண்டாம். 2சி பரவலாக ஓடுகிறது, ஆனால் 'கம்யூனிட்டி' எனப்படும் அதன் கடவுச்சொல் நெட்வொர்க்கில் மறைக்கப்படாமல் வெளிப்படையாகவே போகும். பதிப்பு 3இல் பயனர் பெயர், அடையாளச் சரிபார்ப்பு, மறைகுறியாக்கம் எல்லாம் உண்டு. உங்கள் சாதனம் 3ஐ ஆதரித்தால் அதையே வையுங்கள். இல்லையென்றால் 2சி, கம்யூனிட்டியை இயல்பான 'பப்ளிக்' என்பதிலிருந்து மாற்றி, படிக்க மட்டும் அனுமதி கொடுத்து, ஸாபிக்ஸ் சர்வரின் ஐபிக்கு மட்டும் பதில் சொல்லும்படி ஸ்விட்சிலேயே கட்டுப்படுத்துங்கள்.

இதற்கும் முதலில் டெர்மினலில் சோதனை. 'எஸ்என்எம்பிவாக்' கருவிக்குப் பதிப்பும் கம்யூனிட்டியும் ஐபியும் கொடுத்து ஓட்டினால் வரிவரியாகத் தகவல் கொட்ட வேண்டும். டெபியனில் பெயர்களுக்குப் பதில் வெறும் எண் சரங்களாக வரும். பிழையல்ல, பெயர்ப்பட்டியல் நிறுவப்படவில்லை, அவ்வளவுதான். 'டைம்அவுட்' வந்தால் கொஞ்சம் கவனம் தேவை. கம்யூனிட்டி தவறு என்றால் தவறு என்று சாதனம் சொல்லாது, சும்மா இருந்துவிடும். ஃபயர்வால் தடுத்தாலும் அதே அமைதி. எஸ்என்எம்பியே இயங்காவிட்டாலும் அதே அமைதி. மூன்றையும் தனித்தனியாகச் சரிபார்த்துத்தான் ஆகவேண்டும். நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் 'டிசிபிடம்ப்' கொண்டு 161 போர்ட்டைப் பார்த்தால் கேள்வி வெளியே போகிறதா என்றாவது தெரியும்.

லினக்ஸ் இயந்திரத்தையே எஸ்என்எம்பி மூலம் கண்காணிக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: டெபியனில் நிறுவியவுடன் எஸ்என்எம்பிடி என்ற எஸ்என்எம்பி சேவை தன் சொந்த இயந்திரத்துக்கு மட்டுமே பதில் சொல்லும், அதுவும் அடிப்படைத் தகவலை மட்டுமே காட்டும். கேட்கும் முகவரியையும் காட்டும் பகுதியையும் விரிக்காவிட்டால் இடைமுக விவரங்கள் வரவே வராது.

டிராஃபிக் அளவு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பின்னால் உதவும். 'விநாடிக்கு இத்தனை மெகாபிட்' என்று ஸ்விட்ச் சொல்வதில்லை. வண்டியின் ஓடோமீட்டர் போல, இதுவரை மொத்தம் எத்தனை பைட் போனது என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்திருக்கிறது. ஸாபிக்ஸ் இரண்டு முறை படித்து, வித்தியாசத்தை இடைப்பட்ட விநாடிகளால் வகுத்து, எட்டால் பெருக்கிப் பிட்டாக்குகிறது. அதனால் முதல் படிப்பில் வரைபடம் வராது, இரண்டாவது படிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

அந்த எண்ணி (கவுன்ட்டர்) 32 பிட் என்றால் 4.29 ஜிபி தாண்டியதும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். 1 ஜிபிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் இதற்கு 34 விநாடிதான் ஆகும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பவருக்கு இடையில் எத்தனை முறை சுழன்றது என்றே தெரியாது. வரைபடம் பொய் சொல்லும். 64 பிட் எண்ணிகள் இதற்காகத்தான் வந்தன. பதிப்பு 1ஆல் அவற்றைப் படிக்க முடியாது. அதைத் தொட வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முழு வேகத்தில் டேட்டா போகிறது என்று தெரிந்தும் வரைபடம் அர்த்தமில்லாமல் தாழ்ந்து கிடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது 32 பிட் எண்ணியைத்தான்.

முகப்பில் ஹோஸ்ட் சேர்க்கும்போது இடைமுக வகை எஸ்என்எம்பி. கம்யூனிட்டி இடத்தில் டாலர் குறியோடு ஒரு மேக்ரோ, அதாவது மதிப்புக்குப் பதிலாக நிற்கும் பெயர், இருக்கும். அதன் உண்மையான மதிப்பை ஹோஸ்ட்டின் மேக்ரோ பகுதியில் கொடுங்கள். உங்கள் சாதனத் தயாரிப்பாளருக்கென்றே டெம்ப்ளேட் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் 'நெட்வொர்க் ஜெனரிக் டிவைஸ் பை எஸ்என்எம்பி'. சேர்த்தவுடன் போர்ட்கள் தெரியவில்லை என்று பதறாதீர்கள். எத்தனை போர்ட் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை மணிக்கு ஒருமுறைதான் ஓடும். காத்திருக்க மனமில்லையென்றால் டிஸ்கவரி விதியைத் திறந்து 'எக்ஸிக்யூட் நவ்' அழுத்தலாம்.

பிங்கையும் சேர்த்துவிடுங்கள்

எஸ்என்எம்பி இல்லாத சாதனங்களுக்கும் வெளி இணைப்புகளுக்கும் 'ஐசிஎம்பி பிங்' டெம்ப்ளேட். பின்னால் வேலை செய்வது எஃப்பிங் என்ற நிரல். பாக்கெட் இழப்பு 20 சதவீதம், பதில் நேரம் 0.15 விநாடி என்பவை அதன் இயல்பு எல்லைகள். தொலைதூர இணைப்பு ஒன்றுக்கு 180 மில்லிவிநாடி ஆவது இயல்பாகவே இருக்கலாம். அந்த ஹோஸ்ட்டுக்கு மட்டும் எல்லையை உயர்த்திவிடுங்கள். இல்லையேல் எப்போதும் மஞ்சளாகவே இருக்கும், மஞ்சளைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவீர்கள்.

எச்சரிக்கை: குறைவாக இருந்தால்தான் மதிப்பு

மின்னஞ்சல் வருவதற்கு மூன்று இடங்களிலும் அமைத்திருக்க வேண்டும். ஒன்று, 'அலெர்ட்ஸ்' மெனுவின் 'மீடியா டைப்ஸ்' பகுதியில் மின்னஞ்சல் சேவையகத்தின் விவரம். அங்கேயே 'டெஸ்ட்' பொத்தான் இருக்கிறது, முதலில் அதை வெற்றிகரமாக ஓட்டிவிடுங்கள். இரண்டு, உங்கள் பயனர் கணக்கின் 'மீடியா' பகுதியில் முகவரி. மூன்று, 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் நிர்வாகிகளுக்கு அறிவிக்கும் ஆக்‌ஷன். அது தயாராக எழுதப்பட்டு, ஆனால் அணைக்கப்பட்டு இருக்கும். எல்லாம் செய்தும் மின்னஞ்சல் வரவில்லை என்பவர்களில் பலர் மூன்றாவதை மறந்திருப்பார்கள். சோதிக்க வேண்டுமா, பாதிப்பில்லாத ஒரு சாதனத்தின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். வந்த மின்னஞ்சலைப் படித்து, அதிலிருந்து எங்கே போய் என்ன பார்க்க வேண்டும் என்று புரிகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டே நாளில் இன்பாக்ஸ் நிரம்பிவிடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மேசைகளுக்குப் போகும் போர்ட்கள். யாராவது மடிக்கணினியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாலே 'லிங்க் டவுன்' வந்துவிடும். டெம்ப்ளேட்டில் 'ஐஎஃப்கன்ட்ரோல்' என்ற மேக்ரோ இருக்கிறது. அதை இயல்பாக 0 ஆக்கிவிட்டு, சர்வர்களும் மற்ற ஸ்விட்சுகளும் செருகியிருக்கும் போர்ட்களுக்கு மட்டும் 1 என்று கொடுங்கள். அந்தப் போர்ட்களின் பெயர்களை ஸ்விட்சிலேயே விளக்கமாக எழுதிவைத்தால், எச்சரிக்கை வரும்போது எங்கே போகும் கேபிள் என்று உடனே தெரியும்.

அடுத்து சார்பு. மைய ரௌட்டர் விழுந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் நாற்பது சாதனங்களும் எட்டாமல் போகும், நாற்பத்தோரு மின்னஞ்சல் வரும், உண்மையான ஒன்று அவற்றுக்குள் புதைந்துவிடும். ஒவ்வொரு சாதனத்தின் ட்ரிகரையும் (ஸாபிக்ஸில் இது எச்சரிக்கை எழுப்பும் விதி, முன்பு சொன்ன தரவுத்தள ட்ரிகர் அல்ல) அதன் முன்னால் இருக்கும் ஸ்விட்ச் அல்லது ரௌட்டரின் ட்ரிகருக்குச் சார்பாக அமையுங்கள். இதில் ஒரு நுணுக்கம்: ரௌட்டரைச் சோதிக்குமுன் பின்னால் இருக்கும் சாதனம் சோதிக்கப்பட்டுவிட்டால், அதன் எச்சரிக்கை முந்திக்கொண்டு போய்விடும். ஆக்‌ஷனில் அனுப்புவதை முதல் படியில் இல்லாமல் இரண்டாம் படிக்குத் தள்ளி, படிக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் இது சரியாகிவிடும். விட்டுவிட்டு வந்துபோகும் சிறு கோளாறுகளும் அந்த இரண்டு நிமிடத்தில் தானே கரைந்துவிடும்.

இரவில் எழுப்பத் தகுந்தது எது என்பதையும் முடிவுசெய்யுங்கள். பயனர் மீடியாவில் தீவிரத்தையும் நேரத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். 'ஹை', 'டிசாஸ்டர்' இரண்டும் எந்நேரமும், மற்றவை வேலை நேரத்தில் மட்டும். வட்டு 80 சதவீதம் நிரம்பியது என்பதற்காக இரவு மூன்று மணிக்கு யாரும் எழ வேண்டியதில்லை. திட்டமிட்டு ஒரு சாதனத்தை நிறுத்தும்போது 'மெயின்டெனன்ஸ்' காலம் ஒன்றைப் போட்டுவிட்டால் அந்த நேரத்துக்கு எச்சரிக்கை வராது.

இன்னும் ஒன்று மிச்சம். இணைய இணைப்பே அறுந்தால் மின்னஞ்சல் எப்படி வெளியே போகும்? ஸாபிக்ஸ் இயந்திரமே நின்றால்? வேறு இடத்தில், வேறு இணைப்பில் இருக்கும் ஓர் இயந்திரத்திலிருந்து உங்கள் நெட்வொர்க்கின் வெளி முகவரியைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்து, பதில் இல்லையென்றால் மின்னஞ்சல் அனுப்பும் சிறு க்ரான் வேலை முதல் கேள்விக்குப் போதும். இரண்டாவதற்கு, ஸாபிக்ஸ் இயந்திரமே அந்த வெளி இயந்திரத்துக்கு அவ்வப்போது ஓர் அடையாளம் அனுப்பட்டும். அது வராமல் போனால் அங்கிருந்து மின்னஞ்சல் கிளம்பட்டும். இந்த இரண்டையும் தவறாமல் செய்துவையுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு

பழைய தரவை அழிக்கும் 'ஹவுஸ்கீப்பிங்' தானாக ஓடும். ஒவ்வொரு மதிப்பும் 'ஹிஸ்டரி'யில் சில வாரம் இருக்கும். மணிக்கு ஒரு சராசரி, குறைந்தது, அதிகம் என்று சுருக்கி 'ட்ரெண்ட்ஸ்' பகுதியில் ஓராண்டு இருக்கும். ஹிஸ்டரியைக் கூட்ட ஆசைப்படுமுன் மேலே போட்ட வட்டுக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ள மரியாடிபி ஒதுக்கும் 'இன்னோடிபி பஃபர் பூல்' இயல்பாக 128 எம்பிதான். 4 ஜிபி இயந்திரத்தில் அதை 1 ஜிபிக்கு உயர்த்தினால் முகப்பின் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

காப்புப்பிரதியை 'சிங்கிள் ட்ரான்சாக்‌ஷன்' தெரிவோடு 'மைஎஸ்க்யூஎல்டம்ப்' ஓட்டி எடுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க முடியும். ஈடிசிக்குள் இருக்கும் ஸாபிக்ஸ் டைரக்டரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரலாற்று அட்டவணைகள் மிகப் பெரிதாகிவிட்டால் அவற்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்தாலும் பரவாயில்லை. கையால் அமைத்த ஹோஸ்ட்களும் ட்ரிகர்களும்தான் திரும்பக் கிடைக்காதவை.

7.0.3இலிருந்து 7.0.5 போன்ற சிறு புதுப்பிப்புகளைத் தயங்காமல் போடலாம். 7.0இலிருந்து அடுத்த பெரிய பதிப்புக்குப் போவது வேறு கதை. புதிய சர்வர் முதன்முறை எழும்போது தரவுத்தள அட்டவணைகளைத் தானே மாற்றி எழுதும், பழைய பதிப்புக்குத் திரும்ப வழி கிடையாது. அன்றைக்குக் காப்புப்பிரதி எடுத்துவிட்டு, முகப்பையும் சர்வரையும் ஒரே பதிப்புக்குச் சேர்த்து உயர்த்தி, லாக் கோப்பில் தரவுத்தள மேம்படுத்தல் நூறு சதவீதம் முடிந்தது என்று வரும்வரை சர்வரை நிறுத்தாமல் விட்டுவையுங்கள்.